டொக்டரைக் காட்டுங்கோ

“பிரசர் நல்லாக் கூட இருக்கு ஆச்சி. கெதியா ஒரு டொக்டரிட்டக் காட்டுங்கோ,” என்றாள், கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்த பிள்ளை.

ஆச்சி மேசைக்கு அங்கால் எட்டிப் பார்த்தா. பதாகை தெரிந்தது. பதாகையில் பிரமுகர்களின் முகங்கள் வரிசையாகத் தெரிந்தன. நடுவில் இருந்த முகம் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரிது. பிளாஸ்டிக் கதிரைகள், பால் பக்கற்றும் பிஸ்கற்றும் நிரப்பிய பெட்டிகள், தோளில் கமராவோடு ஒரு தம்பி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

“அதுக்கென்ன மகள், காட்டுறன். முதல்ல டொக்டரை எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ.”

திரியாயில் நடந்த ஓர் இலவசப் பரிசோதனை முகாமில் என் காதால் கேட்டது இது. முகாமை நடத்தியவர் யார் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் மற்ற முகாம்காரர் எல்லாரும் தங்களைச் சொல்லவில்லை என்று நிம்மதியாகப் படுத்துவிடுவார்கள்.

ஆச்சியின் கையில் ஒரு துண்டு கொடுத்தார்கள். மேலே பிரசரின் இலக்கம், அதன் கீழே சீனியின் இலக்கம், அதற்கும் கீழே ‘வைத்தியரை அணுகவும்’ என்று ஒரு றப்பர் முத்திரை. எனக்கு ஆத்திரம் வந்தது அந்த முத்திரையைக் கண்டுதான். கையால் எழுதி மாளாத அளவுக்கு அந்த வசனம் தேவைப்படுகிறது என்று முன்கூட்டியே தெரிந்து, காசு கொடுத்து முத்திரை வெட்டியிருக்கிறார்கள். முத்திரை வெட்டுகிறவனைத் தேடிப்போக நேரம் இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு டொக்டரைத் தேடியிருக்கலாம்.

1968 இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர் ஒரு சிறிய புத்தகம் எழுதினார்கள். சும்மா நடமாடித் திரிகிற சனத்தைப் பிடித்து வருத்தம் தேடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை என்று அதில் பத்து விதிகள். கண்டுபிடிக்கப்போகும் நோய்க்கு ஏற்ற சிகிச்சை இருக்க வேண்டும், அதைக் கொடுக்கிற வசதியும் இருக்க வேண்டும் என்பன அந்தப் பத்துக்குள்ளே வருகின்றன. இன்றைக்கும் உலகம் முழுக்க மருத்துவ மாணவருக்கு அதைப் படிப்பிக்கிறார்கள். ஆச்சி அந்தப் புத்தகத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனால் முகாமில் இருந்தவர்களில் அதைச் சரியாக விளங்கியிருந்தவ அவ ஒருத்திதான்.

பரிசோதனையே வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன விசரா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும்வரை பிரசர் ஒரு சத்தமும் போடாது; அளந்தால்தான் தெரியும். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயை நேரத்தோடு பிடிக்க சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. அது 1996 முதல் நடக்கிறது, அதனால் பிழைத்த பெண்கள் உண்டு. ஆனால் ஆள் அகப்பட்டால் போதும், அடி முதல் முடிவரை அளந்து தள்ளுவோம் என்கிற பொதுப் பரிசோதனைக்கு வேறு கதை. 2019 இல் கொக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 17 ஆய்வுகளை, இரண்டரை லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் கணக்கை, ஒன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். பரிசோதிக்கப்பட்டவர்களும் பரிசோதிக்கப்படாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் செத்திருந்தார்கள். அதுவும் எங்கே? குடும்ப டொக்டர் அடுத்த தெருவில் இருக்கிற ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும். அங்கேயே அந்தக் கதி என்றால், அடுத்த டொக்டர் அடுத்த பஸ்ஸில் இருக்கிற ஊரில் அளந்துவிட்டுப் போகிறவனை என்னவென்று சொல்ல? கிணற்றுக்குள் கயிறு விட்டு ஆழம் பார்த்தால் தண்ணீர் ஊறுமா?

வருத்தம் தேடிப்போய் வென்ற கதை ஒன்று இந்த நாட்டிடம் இருக்கிறது, எங்கள் பகுதியும் அதில் சம்பந்தப்பட்டது. 1934-35 மலேரியாவில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடு என்று அறிவித்தது. இடையில் என்ன நடந்தது? காய்ச்சல்காரரின் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடியில் பூசினார்கள். அதுவும் பரிசோதனைதானே. ஆனால் குத்தினவனுக்குப் பின்னால் குளிசை வந்தது. குளிசைக்குப் பின்னால் வீட்டுச் சுவருக்கு மருந்தடிக்கிறவன் வந்தான். ஒரு கேஸ் அகப்பட்டால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஆள் போனது. போர் நடந்த காலத்திலும் அந்த வேலையை முற்றாகக் கைவிடவில்லை. குடும்பநல மாதுவும் அப்படித்தான்: இந்த மாதம் பிள்ளையை நிறுத்தவள் அடுத்த மாதமும் வருவாள், நிறை ஏறாவிட்டால் தாயைப் பேசுவாள். அவளுக்குத் தெரியும், பிள்ளையை நிறுத்ததோடு தன் வேலை முடியவில்லை என்று. எங்கள் முகாம் பகல் ஒரு மணிக்குக் கதிரைகளை மடித்துக்கொண்டு போய்விட்டது.

சரி, இவர்களாவது அரைநாள் வெயிலில் நின்றார்கள். இவர்களைவிட மேலான ஒரு கூட்டம் கொழும்பில் குளிரூட்டிய மண்டபங்களில் இருக்கிறது. பொருளாதாரம் படுக்கும்போதெல்லாம் அது எழும்பும். எழும்பிச் சொல்லும்: “எல்லாம் சும்மா கிடைக்கிறதால்தான் சனத்துக்கு அருமை தெரியேல்லை. ஓபீடிக்கு வாறவையில அரைவாசிப் பேர் தடிமனுக்கு வாறவை. ஒரு சின்னக் கட்டணம் வைச்சால் தேவையில்லாத கூட்டம் குறையும், ஆசுபத்திரிக்கும் நாலு காசு சேரும்.” இதைச் சொல்கிறவர் தன் தடிமனுக்கு வேட்டையாடிப் பிடிப்பது காது, மூக்கு, தொண்டை நிபுணரை. அது வேறு விஷயம்.

விடிய நாலரைக்கு எழும்பி, முதல் பஸ்ஸைப் பிடித்து, துண்டெடுத்து, மதியம்வரை வாங்கிலில் இருந்து, இடுப்பு விட்டுப்போய் வீடு வருவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஒருவரையும் திரியாயில் நான் கண்டதில்லை. பொழுது போக்க எங்களுக்குக் கடல் இருக்கிறது. காசும் கேட்காது, துண்டும் கேட்காது.

இந்தக் கட்டண மருந்தை இந்த நாடு ஒருமுறை விழுங்கியிருக்கிறது. 1951 இல் அரச ஆசுபத்திரிகளில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். இருபது வருடம் கழித்து, 1971 இல், வெளிநோயாளர் ஒவ்வொருவரும் 25 சதம் கட்ட வேண்டும் என்று திரும்பக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தது முதலாளிகளின் அரசாங்கம் என்று நினைப்பீர்கள். இல்லை. அப்போது நிதியமைச்சர் என்.எம். பெரேரா, லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர், லண்டனில் இரண்டு கலாநிதிப் பட்டம் பெற்ற மார்க்சியவாதி. அதோடு விட்டால் பரவாயில்லை. 1934-35 மலேரியாக் காலத்தில் கேகாலைப் பக்கத்துக் கிராமங்களில் கால்நடையாகத் திரிந்து மருந்தும் பருப்பும் கொடுத்தவர் இதே மனிதர். அதனால் சிங்களச் சனம் அவருக்குப் ‘பருப்பு மாத்தயா’ என்று பெயர் வைத்தது. 1936 இல் ருவன்வெல்லத் தொகுதியில் அவரை வெல்லவும் வைத்தது. காய்ச்சலில் கிடந்தவனின் வாசலுக்கு மருந்தைக் கொண்டுபோன கால்கள் அமைச்சுக் கதிரையில் ஏறியதும், மருந்தின் வாசலில் 25 சதப் பெட்டியை வைத்தன. இடதுசாரிக்கே இந்தக் கதி என்றால், கதிரையைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும் போலிருக்கிறது.

பெட்டி வைத்ததும் நடந்தது என்ன? வெளிநோயாளர் வரவு விழுந்தது. பார்த்தீர்களா, கூட்டம் குறைந்துவிட்டது என்று கொழும்பு மண்டபத்தில் கைதட்டலாம். ஆனால் குறைந்தது யார்? 25 சதத்துக்குக் கண் இருக்கிறதா, இவனுக்குத் தடிமன், இவன் திரும்பிப் போகட்டும்; அவளுக்கு நெஞ்சுக்குத்து, அவள் உள்ளே வரட்டும் என்று பிரித்துப் பார்க்க? அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 1970களில் ஆயிரக்கணக்கானவரை வைத்து வருடக்கணக்கில் செய்த பரீட்சையும் இதைத்தான் கண்டது: காசு கேட்டால் தேவையில்லாத சிகிச்சை குறையும், அதே அளவுக்குத் தேவையான சிகிச்சையும் குறையும். கென்யாவில் கர்ப்பிணிகளுக்குச் சும்மா கொடுத்த நுளம்பு வலைக்கு அரை டொலர் சொச்சம் விலை வைத்துப் பார்த்தார்கள். வாங்குகிறவர் தொகை பாதாளத்துக்குப் போனது. காசு கொடுத்து வாங்கினவர்கள் வலையை அருமை பெருமையாகக் கட்டினார்களா என்றால், சும்மா வாங்கினவர்களும் அதே அளவுக்குத்தான் கட்டினார்கள்.

ஏழை நாட்டுக் கதை சரிவராது என்றால் ஜெர்மனியைப் பாருங்கள். 2004 இல் அங்கே காலாண்டுக்கு ஒருமுறை டொக்டரிடம் போகப் பத்து யூரோ கட்டணம் வைத்தார்கள். டொக்டர்மார் ரசீது எழுதிக் களைத்தார்கள், கட்டாதவனுக்குக் கடிதம் போட்டுக் களைத்தார்கள், டொக்டரிடம் போகிற பழக்கமோ நினைத்தபடி மாறவில்லை. 2012 நவம்பரில் பாராளுமன்றம் ஒருமனதாக அதைத் தூக்கியெறிந்தது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் கைதூக்குவது லேசில் காணக் கிடைக்காத காட்சி.

எங்களிடமும் 1977 இல் ஆட்சி மாறியதும் 25 சதத்தை எடுத்தார்கள். எடுத்த கையோடு, அரச டொக்டர்மார் கடமை நேரத்துக்குப் பிறகு தனியாரில் பார்க்கலாம் என்று அனுமதியும் கொடுத்தார்கள். முன்கதவில் இருந்த உண்டியலைத் தூக்கிப் பின்கதவில் வைத்த கதை அது. முன்கதவு உண்டியலில் சதம் விழுந்தது. பின்கதவு உண்டியலுக்குச் ‘சனல்’ என்று பெயர்; அதில் ஆயிரம் ரூபாய்த் தாள் விழுகிறது. காலையில் வரிசையில் நின்றால் உன் முகத்தைப் பார்க்க ஒரு நிமிடம் இல்லாத அதே டொக்டர், பின்னேரம் சனல் பண்ணினால் உன் பேரப்பிள்ளையின் படிப்பைப் பற்றியும் விசாரிப்பார். அவரை மட்டும் குறை சொல்லவில்லை. காலையில் நூறு பேரை அவருக்கு முன்னால் நிறுத்தியவன் யார் என்பதுதான் என் கேள்வி.

ஆகவே திரியாய்ச் சனம் கட்டணம் கட்டுவதில்லை என்கிற பொய்யை முதலில் நிறுத்த வேண்டும். திருகோணமலை நகரத்துக்கு இங்கிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர். பாலங்கள் போட்டிருக்கிறார்கள், றோட்டு நல்லது, மறுக்கவில்லை. ஆச்சி அந்தத் துண்டோடு ஒருநாள் தூரத்து ஆசுபத்திரி ஒன்றுக்கு வெளிக்கிட்டா. தனியே போகப் பயம், மருமகளையும் கூட்டிக்கொண்டு போனா. மருமகளின் நாள்கூலி போனது. இரண்டு பேருக்கு பஸ் காசு, பஸ் வராத இடத்தில் ஓட்டோக் காசு, மதியச் சாப்பாடு. டொக்டர் பார்த்தார், நல்ல மனிதர், ஒரு இரத்தப் பரிசோதனையை “வெளியில செய்துகொண்டு வாங்கோ” என்றார். இரண்டு குளிசை உள்ளே இருந்தது, மூன்றாவதை “வெளியில வாங்குங்கோ” என்றார்கள். இப்படி அந்த ‘வெளி’யை வைத்தே ஆச்சிக்கு வைத்தியம் நடந்தது. கொண்டுபோன காசு பஸ்ஸுக்கு மட்டும் மிஞ்ச, மூன்றாவது குளிசையை வாங்காமல் திரும்பி வந்தா. ஒரு மாதத்தில் உள்ளே கொடுத்ததும் முடிந்தது. அடுத்த கிளினிக் நாளில் வயலில் அரிவி வெட்டு.

நாடு முழுக்கக் கணக்குப் பார்த்தாலும் இதே கதைதான். இலங்கையின் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழ பாதி சனத்தின் சட்டைப்பையிலிருந்து நேரே போகிறது. பாதியைக் கட்டிக்கொண்டிருக்கிறவனைப் பார்த்துத்தான் “சும்மா கிடைக்கிறது” என்கிறார்கள்.

‘ஏழைகளுக்கு விலக்கு உண்டு’ என்று உடனே ஒரு குரல் வரும். வரட்டும். ஏழை என்று நிரூபிக்கக் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம், குச்சவெளிப் பிரதேச செயலகத்தில் ஒரு ஒப்பம், அடையாள அட்டையின் போட்டோக் கொப்பி இரண்டு, போய்வரச் செலவு. ஏழையாக இருப்பதற்கே வசதி வேண்டும். 2023 இல் அஸ்வெசும நலத்திட்டப் பட்டியல் வந்தபோது மேன்முறையீடுகள் லட்சக்கணக்கில் குவிந்ததைக் கண்ட பிறகும், இந்த அரசால் ஏழையைச் சரியாக அடையாளம் காண முடியும் என்று நம்புகிறவருக்கு உடனே கண் பரிசோதனை செய்ய வேண்டும். அதை மட்டும் இலவசமாகச் செய்யலாம்.

சரியாக அடையாளம் காணத் தெரியாது என்று மொத்தமாகச் சொன்னதும் பிழை. கல்லை நன்றாகக் காண்பார்கள். திரியாய் மலையில் கிரிஹண்டு சேய இருக்கிறது; பழமையான தாதுகோபம், பழைய கல்வெட்டு, பார்க்க வேண்டிய இடம்தான். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபுரிமைக்கென்று அப்போதைய ஜனாதிபதி ஒரு செயலணியே அமைத்தார். பாதுகாப்புச் செயலாளர் தலைமை. நியமித்தபோது அதில் தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. எந்தப் பற்றைக்குள் எந்தக் கல் கிடக்கிறது, அது எந்த நூற்றாண்டு, அதைச் சுற்றி எவருடைய வயல் எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் அளக்கப்பட்டது. கல்லுக்கு முழு உடற்பரிசோதனை! அளந்துவிட்டு ‘வைத்தியரை அணுகவும்’ என்று துண்டு கொடுத்துவிட்டுப் போகவுமில்லை. அளந்த இடத்துக்கு எல்லைக்கல்லும் காவலும் வந்தன. 1985 இல் போரில் எரிந்த ஊருக்குத் திரும்பி வந்து கூரை போட்ட சனத்தின் சிறுநீரகத்தைப் பார்க்க இதுவரை எந்தச் செயலணியும் வரவில்லை. நாங்கள் இன்னும் ஓர் ஆயிரம் வருடம் உயிரோடு கிடந்தால் ஒருவேளை தொல்பொருள் என்று பாதுகாப்பார்கள்.

முடியாது என்பதுமல்ல. 2009 மார்ச்சில், போரின் கடைசி மாதங்களில், புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைக் கப்பலில் வந்திறங்கிய காயக்காரரைப் பார்க்க, எங்களுக்கு வடக்கே புல்மோட்டையில் இந்திய அரசு அனுப்பிய மருத்துவக் குழு ஒரு முழு ஆசுபத்திரியையே போட்டது. டொக்டர், தாதி, சத்திரசிகிச்சை எல்லாம் சில நாட்களில் வந்து சேர்ந்தன. எங்கள் கரைக்கு ஆசுபத்திரி அவ்வளவு கெதியில் வர, கப்பல் நிறையக் காயம் வேண்டியிருந்தது.

சும்மா கிடைப்பதை வீணாக்குகிறவர்கள் என்று யாரையாவது சொல்லியே தீர வேண்டுமென்றால், அவர்களின் பெயர்ப்பட்டியல் பாராளுமன்றத்திலேயே இருக்கிறது. 2024 டிசம்பரில் சுகாதார அமைச்சர் நளிந்த ஜயதிஸ்ஸ அங்கே ஒரு பட்டியலை வெளியிட்டார்: வசதியில்லாத நோயாளருக்குக் கைகொடுக்கவென்று இருக்கிற ஜனாதிபதி நிதியத்திலிருந்து தங்கள் வைத்தியத்துக்கு லட்சலட்சமாக வாங்கிய அரசியல்வாதிகள். ஒருவருக்கும் துண்டெடுத்து வாங்கிலில் குந்தவேண்டி வரவில்லை. அதே வருடம் பெப்ரவரியில், தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்தை அரச ஆசுபத்திரிகளுக்கு வாங்கிய விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்லவே கைதானார். அவர் குற்றவாளியா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அந்த மருந்து ஏற்றப்பட்டவர்களில் எவரும் “சும்மாதானே கிடைக்குது, ஒண்டு ஏத்திப் பாப்பம்” என்று வந்தவர்கள் இல்லை. அது மட்டும் தீர்ப்பில்லாமலே தெரியும்.

கட்டணம் வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடு வந்துவிட்டது. வைக்கிற இடம்தான் வேறு. முகாம் பதாகையில் முகம் வருவதற்குச் சதுர அடிக்கு இவ்வளவு. நடுவில் வருகிற பெரிய முகத்துக்கு இரட்டிப்பு. றிபன் வெட்ட ஒரு தொகை, வெட்டிய கத்தரிக்கோலை வீட்டுக்குக் கொண்டுபோனால் அதற்கு வேறாக. “வெளியில வாங்குங்கோ” என்று எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் அமைச்சு ஆச்சிக்குக் காசு கட்ட வேண்டும். டொக்டர் இல்லாத நாளில் வந்து திரும்பினால் பஸ் காசும் மருமகளின் கூலியும் அவ கையில் வைக்கப்பட வேண்டும். ‘வைத்தியரை அணுகவும்’ முத்திரைக்கு ஆண்டு உரிமக் கட்டணம். முத்திரையோடு வைத்தியரையும் கொண்டுவந்தால் முழு விலக்கு. சனத்துக்கு அருமை தெரியவில்லை என்று மண்டபத்தில் பேசுவதற்கு நிமிடக் கணக்கில் அறவிடலாம், குளிரூட்டி வேறு. விலக்குக் கேட்கிற அமைச்சர் கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் வாங்கி, போட்டோக் கொப்பி இரண்டோடு குச்சவெளிக்கு வரட்டும். காலை நாலரைக்கு வெளிக்கிட்டால் துண்டு கிடைக்கும்.

போன கிழமை ஆச்சியை மறுபடி கண்டேன். இன்னொரு முகாம், வேறு பதாகை, வேறு முகங்கள், அதே பிளாஸ்டிக் கதிரைகள். இது அவவுக்கு மூன்றாவது. அறிக்கைகளின்படி அவ இப்போது மூன்று பயனாளிகள். பழைய துண்டுகள் இரண்டையும் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தா, அவிழ்த்து என்னிடம் காட்டினா. முதல் துண்டில் இருந்ததைவிட இரண்டாவதில் இலக்கம் கூட.

“அளக்கிறதில பிழையில்லைத் தம்பி. ஏறிக்கொண்டுதானே போகுது,” என்றா.

முறை வந்தது. புதுப் பிள்ளை ஒன்று கையை நீட்டச் சொன்னது. ஆச்சி நீட்டினா.

“மெல்ல இறுக்கு மகள், போன முறை கண்டிப்போச்சு. டொக்டர் வந்தவரோ?”

“வந்தவர் ஆச்சி. படம் எடுத்தாப் போல வெளிக்கிட்டிட்டார்.”